தை மாசி வறட்சி: காலைப் பனியும் மதியத் தீயும் – தோட்டத்து வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லிக்கொண்டே என் பாட்டி விடியற்காலையில் அடுப்போரம் குந்தியிருப்பார். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த பழமொழி அது. நம் மலேசியாவின் கெடாவிலும் அது பொய்க்கவில்லை. பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஜனவரி கடைசியில் ஐந்தரை மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போனால் விரல் விறைக்கும். மோட்டார் விளக்கு வெளிச்சத்தில் பனி புகைபோல ஓடும். அதே நாள் மதியம் இரண்டு மணிக்கு எங்கோ லாலாங் புல் பற்றி எரிந்து, பொம்பா (தீயணைப்பு) வண்டிச் சத்தம் கேட்கும்.

காலைக் குளிரும் மதியத் தீயும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அதைப் புரிந்துகொள்ளாமல், "இப்போ பனியா இருக்கு, கொளுத்தினா பரவாது" என்று காலையில் குப்பைக்கு நெருப்பு வைக்கிறோம். நான் பார்த்த தோட்டத் தீயில் பாதிக்கு மேல் இப்படித் தொடங்கியதுதான். பனி விழுந்த விடியலைப் பார்த்தால் அன்றைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றியே வருகிறது.

முதலில், ஏன் இப்படி?

நவம்பரிலிருந்து மார்ச் வரை நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று. கிழக்குக் கரையில் கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தில் தவிக்கும். தித்திவங்சா மலைத்தொடர் அந்த ஈரத்தைப் பெரும்பாலும் தன் கிழக்குச் சரிவிலேயே பிழிந்துவிடுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்று உலர்ந்த காற்று. அதனால்தான் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

மேகமும் ஈரமும் குறைந்த இரவில், பகல் முழுக்கத் தரை வாங்கிய சூடு தங்குதடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். மேகம் என்பது பூமிக்குப் போர்வை. போர்வை இல்லாத இரவு குளிராமல் என்ன செய்யும்? சூரியன் வந்ததும் இது அப்படியே தலைகீழாகிறது. வெயிலைத் தடுக்கவும் மேகம் இல்லை. காற்றில் ஈரம் குறைவு என்பதால் இலை, புல், சுள்ளி எல்லாம் மளமளவென்று காய்ந்துவிடும்.

ஊட்டியில் இதே மாதிரி இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். ஆஸ்திரேலியாவில் வசந்த காலத்தில் காலையில் புல்மேல் உறைபனியும் மதியம் காட்டுத்தீ எச்சரிக்கையும் ஒரே நாளில் வருவதுண்டு. அங்கேயும் காரணம் தெளிந்த வானமும் உலர்ந்த காற்றும்தான். கினபாலு உச்சியை விட்டுவிட்டால் நம் நாட்டில் உறைபனிக்கு வழியில்லை. வானிலை நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான். அது 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில் பதிவானது. மிக அதிகமான வெப்பநிலையோ 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவான 40.1 டிகிரி. நம் பக்கத்து வடக்கு ஊர் அது.

இன்னும் ஒரு விஷயம் உண்டு, நான் பெரிதாக நினைப்பது அதைத்தான். குளிர்ந்த விடியலில் குளிர்காற்று தரையோடு படுத்துக்கிடக்கும், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். அதனால் கீழே காற்றே வீசாது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அடுப்புப் புகை மேலே போகாமல், மரத்தின் இடுப்பளவில் வெள்ளைத் துணியை விரித்தது போலக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் வைத்த நெருப்பு சாதுவாகத்தான் எரியும். ஒன்பது, பத்து மணிக்குத் தரை சூடேறியதும் அந்த மூடி உடையும். மேலே ஓடிக்கொண்டிருந்த காற்று திடீரென்று கீழே இறங்கும். சாம்பலுக்குள் தூங்கிய கங்கு அப்போதுதான் கண் விழிக்கும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் லயத்துக்குப் பின்னால் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் காலை ஏழு மணிக்கு ரப்பர் இலையைக் குவித்துக் கொளுத்தினார். மேல் இலையெல்லாம் பனியில் நனைந்திருந்ததால் புகைந்துகொண்டே இருந்தது. அணைந்துவிட்டது என்று எட்டரைக்கு வேலைக்குப் போய்விட்டார். பதினொரு மணி வாக்கில் என் அம்மா துணி உலர்த்தப் போனபோது, குவியலிலிருந்து லாலாங் ஓரம் வரை கறுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. ஆட்டுக்கொட்டகை கூரை பற்றிக்கொண்டிருந்தது. ஆடுகளை அவிழ்த்துவிட நேரம் இருந்தது. கொட்டகைக்கும் அதை ஒட்டியிருந்த நான்கு வரிசைப் பால்மரத்துக்கும் நேரம் இல்லை. அந்த அண்ணன் பொறுப்பில்லாதவர் கிடையாது. பனியை நம்பினார், அவ்வளவுதான்.

படி 1: நாளைப் படித்துப் பழகுங்கள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். காலையில் வாசலில் நின்று மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது குனோங் ஜெராய். 1,217 மீட்டர் மலை, நம் ஊரில் எங்கே நின்றாலும் தெரியும். பனி கலைந்ததும் உச்சியில் மேகத்தொப்பி இல்லாமல், சரிவின் மடிப்புகள்கூடத் தெளிவாகத் தெரிந்தால் காற்று உலர்ந்திருக்கிறது. மலை சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தால் எங்கோ எரிந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது புகை. யார் வீட்டுப் புகையாவது தரையோடு படுத்திருக்கிறதா? அப்படியானால் பத்து மணிக்குமேல் காற்று மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இலைச் சோதனை. உதிர்ந்த ரப்பர் இலை ஒன்றை எடுத்து விரலில் சுற்றுங்கள். காலை ஏழு மணிக்கு அது தோல்போல வளையும். பத்து மணிக்கு மறுபடியும் அதே இடத்தில் ஒன்றை எடுங்கள். நடு நரம்பில் பட்டென்று ஒடிந்து, உள்ளங்கையில் அப்பளம்போல நொறுங்கினால், தரையில் கிடக்கும் அத்தனை இலையும் அந்த நிலைமைதான். எப்போதும் மேல் இலையை மட்டும் பார்க்காதீர்கள். பனி மேல் இலையை மட்டுமே நனைக்கும். கையை உள்ளே விட்டு, இரண்டு விரல் ஆழத்தில் இருப்பதை எடுங்கள். பிப்ரவரியில் அங்கே இருப்பது விடியற்காலையிலும் நொறுங்கும். ஏழு மணிக்கே நொறுங்கினால் அன்று எந்த நெருப்பும் வெளியில் வேண்டாம்.

கைப்பேசியில் வானிலைத் துறையின் அறிவிப்பையும் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை, 37-ஐத் தாண்டி 40 வரை போனால் இரண்டாம் நிலை, 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. கனடா நாட்டு முறையைத் தழுவிய தீ அபாய வரைபடம் ஒன்றையும் அவர்கள் வெளியிடுகிறார்கள். அதில் சிவப்பு நிறம்தான் உச்ச அபாயம். ஆனால் வரைபடம் வட்டாரம் முழுவதற்கும் சொல்வது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இலையைப் பற்றி உங்கள் விரல்தான் சொல்லும்.

படி 2: தீபாவளி பலகாரம் தீர்ந்ததும் வீட்டைச் சுற்றி வேலையைத் தொடங்குங்கள்

ஜனவரியில் தொடங்கினால் தாமதம். மண் ஈரமாக இருக்கும் நவம்பர், டிசம்பரில் புல்லைப் பிடுங்குவதும் மண்ணைக் கொத்துவதும் சுலபம்.

வீட்டுச் சுவரிலிருந்து பத்து மீட்டர் தூரம் வரை, அதாவது நல்ல எட்டாக வைத்தால் பன்னிரண்டு பதிமூன்று எட்டு, புல்லைக் கணுக்காலுக்குக் கீழே வைத்திருங்கள். சுவரை ஒட்டிய முதல் ஒன்றரை மீட்டரில் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. வெறும் மண், சரளைக்கல் அல்லது சிமெண்டு. நம் பழைய லயத்து வீடுகளில் இந்த இடத்தில்தான் விறகு, பழைய பலகை, ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) சாக்கு, மோட்டார் டயர் எல்லாம் அடுக்கி வைத்திருப்போம். ஒட்டுப்பால் பற்றினால் கறுப்புப் புகையோடு உருகிச் சொட்டிச் சொட்டி எரியும். சாதாரண ஆளால் அதை அணைக்க முடியாது. அதை வீட்டிலிருந்து தள்ளி, தகரக் கூரை போட்ட தனி இடத்தில் வையுங்கள்.

அப்புறம் கூரை. தகரம் எரியாது என்று நிம்மதியாக இருக்கிறோம். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலும் தண்ணீர்ப் பீலியிலும் சேர்ந்த இலை எரியும், அதற்குக் கீழே இருப்பது பழைய சட்டமும் பலகையும். காற்றில் பறந்துவரும் ஒரே ஒரு பொறி போதும். ரப்பர் மரம் இலை கொட்டும் அந்த ஐந்தாறு வாரத்தில் வாரம் ஒருமுறை ஏணி வைத்துப் பீலியைச் சுத்தம் செய்யுங்கள். கட்டைக்கால் வைத்து உயர்த்திக் கட்டிய வீடு என்றால் அடியில் இருப்பதையும் வெளியே இழுத்துப் பெருக்குங்கள்.

எரிவாயு உருளை வெளியே இருந்தால் அதைச் சுற்றி மூன்று மீட்டருக்கு இலைகூட இருக்க வேண்டாம். உருளையை மூடும் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்பது வீட்டில் எல்லோருக்கும், பிள்ளைகள் உட்பட, தெரிந்திருக்க வேண்டும்.

படி 3: லாலாங்

நம் பக்கம் தீயைச் சுமந்துகொண்டு ஓடுவது லாலாங்தான். பார்க்கப் பச்சையாக இருக்கும். அடியைப் பிரித்துப் பார்த்தால் போன வருடத்து செத்த இலை அத்தனையும் நின்றுகொண்டிருக்கும். அதனால் பச்சை லாலாங்கும் எரியும். எரித்தால் அழிந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. அதன் கிழங்கு மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. மேலே எரிந்ததும் போட்டியாக இருந்த மற்ற செடிகள் செத்துப்போக, லாலாங் மட்டும் முன்னைவிட அடர்த்தியாக முளைக்கும். எரிக்க எரிக்க லாலாங் காட்டை நாமே வளர்க்கிறோம்.

இதில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஜனவரியில் மருந்து அடிப்பது. களைக்கொல்லி அடித்த லாலாங் இரண்டு மூன்று வாரத்தில் வைக்கோல்போலக் காய்ந்து, நின்றபடியே நிற்கும். வறட்சியின் நடுவில், இடுப்பளவு உயரத்தில், காற்று புகுந்து புறப்படும்படி நிற்கும் விறகு அது. மருந்து அடிப்பதானால் நவம்பரிலேயே, மழை இடைவெளி பார்த்து அடியுங்கள். காய்ந்ததும் பாராங் கத்தியாலோ மெஷினாலோ வெட்டித் தரையோடு படுக்க வையுங்கள். படுத்த புல் சீக்கிரம் மக்கும், மெதுவாக எரியும். ஜனவரி வந்துவிட்டால் மருந்தை மறந்துவிட்டு வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புல் வெட்டும் மெஷினையும் காலை பத்து மணிக்குள் முடியுங்கள். கத்தி கல்லில் பட்டால் பொறி பறக்கும். மெஷினின் புகைக்குழாய் சுடும். பெட்ரோல் ஊற்றும்போது காய்ந்த புல்லின்மேல் வைக்காமல் வெறும் தரையில் வைத்து, ஆறவிட்டு ஊற்றுங்கள். மோட்டாரைக் காய்ந்த புல்மேல் நிறுத்துவதும் இதே கதைதான்.

லாலாங் காட்டுக்கும் உங்கள் இடத்துக்கும் நடுவில் தீத்தடுப்புக் கோடு ஒன்று வேண்டும். மண்வெட்டியால் மேல்புல்லைச் சீவி, மண் தெரியும்படி வெட்டுவது. அகலம் எவ்வளவு? புல்லின் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். ஒரு மீட்டர் புல்லுக்கு மூன்று மீட்டர். மேட்டுப்பக்கத்தில் வீடு இருந்தால் இன்னும் அகலம் வேண்டும், ஏனென்றால் தீ மேட்டில் ஏறும்போது வேகமெடுக்கும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கோடு வெட்டி முடித்ததோடு வேலை தீரவில்லை. அதன்மேல் விழும் இலையை வாராவாரம் பெருக்காவிட்டால் தீ அந்த இலைமேலேயே நடந்து தாண்டிவிடும்.

படி 4: கொட்டும் இலையை என்ன செய்வது?

ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பால்மரங்கள் சிவந்து, பழுத்து, மொத்தமாக இலை கொட்டும். பார்க்க அவ்வளவு அழகு. காட்டுக்குள் நடந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் சரக் சரக் என்று சத்தம். அந்தச் சத்தம் கேட்கிறவரை காடு காய்ந்திருக்கிறது.

பால்காட்டில் இலையை வாரத் தேவையில்லை, அது மரத்துக்கு உரம். ஆனால் பாதை ஓரமும் வீட்டுப்பக்கமும் இருக்கும் இரண்டு வரிசை மரத்தடியில் மட்டும் இலையை உள்பக்கமாகத் தள்ளிவிடுங்கள். பாதையில் போகிறவர் எறியும் சிகரெட் விழுவது அந்த ஓரத்தில்தான். ரப்பர் மரத்தின் பட்டை மெல்லியது. முழங்கால் உயரத் தீ சில நிமிடம் நின்றாலே உள்பட்டை வெந்துவிடும். மரம் உடனே சாகாது, இரண்டு மூன்று மாதத்தில் பட்டை வெடித்துப் பால் கசியும். வெட்டுப்பட்டை அந்த உயரத்திலேயே இருப்பதால் உயிரோடு இருக்கும் மரமும் பால் வெட்ட உதவாது.

வீட்டு முற்றத்து இலையைக் குழியில் போடுங்கள். ஒரு மீட்டர் நீள அகலம், முக்கால் மீட்டர் ஆழம். ஒரு சாண் இலை, மேலே கொஞ்சம் ஆட்டுச்சாணமோ மாட்டுச்சாணமோ, கொஞ்சம் மண், சமையலறையில் அரிசி களைந்த தண்ணீர் (துணி துவைத்த தண்ணீர் வேண்டாம்). மறுபடியும் ஒரு சாண் இலை. ரப்பர் இலை மெதுவாகத்தான் மக்கும், பொறுமை வேண்டும். எங்கள் வீட்டில் தையில் போட்ட குழியை ஆடியில் தோண்டி வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போடுகிறோம். இடம் இல்லாதவர்கள் சாக்கில் கட்டி, தண்ணீர் தெளித்து நிழலில் வைத்தாலும் போதும்.

திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மூன்றாம் வீட்டுத் தாத்தாவின் ஆஸ்துமா. விடியலில் மூடிபோட்ட காற்றில் நீங்கள் விடும் புகை எங்கும் போகாது, அவர் ஜன்னலுக்குத்தான் போகும்.

படி 5: போகியும் பொங்கலும்

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். போகி, வறட்சி தொடங்கும் அதே ஜனவரி நடுவில் வருகிறது. விடியற்காலையில், பனியில், பழைய பாயும் துணியும் போட்டுக் கொளுத்துகிறோம். இப்போது நம் வீட்டுப் பழையதெல்லாம் பிளாஸ்டிக்கும் நைலானும். அதை எரித்தால் வரும் புகை குழந்தைகளுக்கு விஷம். வழக்கத்தை விட வேண்டாம். ஒரு பழைய ஈர்க்குமாற்றையும் கொஞ்சம் ஓலையையும் இரும்பு வாளியில் போட்டுச் சாமி கும்பிட்டு எரியுங்கள். முடிந்ததும் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். மீதிப் பழையதைக் குப்பை லாரிக்குக் கட்டி வையுங்கள்.

பொங்கல் அடுப்பைக் கோயில் முன் மணல் திடலில் வைப்பதே நல்லது. புல்தரையில்தான் இடம் என்றால் முந்தின நாள் மாலையே புல்லைச் செதுக்கி நனைத்துவிடுங்கள். பானை இறக்கிய பிறகுதான் ஆபத்து. எல்லோரும் பூசைக்குள் போய்விடுவோம், அடுப்பில் பால்மர விறகு கனன்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் இளவட்டம் ஒருவரைப் பொறுப்பாக நிறுத்துங்கள். அவருக்குப் பொங்கல் முதலில் கொடுத்துவிட்டால் சந்தோஷமாக நிற்பார்.

ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்களின் செங் பெங் வரும். தோட்டத்துக்குப் பக்கத்தில் சீனர் இடுகாடு இருந்தால், அவர்கள் புல் வெட்டிக் காகிதம் எரிக்கும் அந்த நாட்களில், உங்கள் பக்கத்துத் தீத்தடுப்புக் கோட்டை முன்கூட்டிப் பெருக்கி வையுங்கள். அங்கே வரும் ஆப்பேக்களிடம் (சீனப் பெரியவர்கள்) இரண்டு வாளி தண்ணீர் கொடுத்து உதவினால் நல்ல உறவும் வளரும்.

படி 6: தண்ணீரும் கருவியும்

வறட்சியில் குழாய்த் தண்ணீர் அழுத்தம் குறையும், தீ பிடித்த நேரத்தில் மின்சாரமும் போகலாம். எனவே குழாயை நம்பாமல் 200 லிட்டர் நீல ட்ரம் இரண்டு, வீட்டின் முன்னொன்று பின்னொன்று. கட்டாயம் மூடியோடு. மூடாத ட்ரம் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். தீக்குப் பயந்து டெங்கியை வரவழைத்துவிடக் கூடாது.

பக்கத்தில் வாளி நான்கு, பழைய கோணிச் சாக்கு நான்கைந்து, நீளப் பிடி போட்ட மண்வெட்டி, பாராங். நைலான் சாக்கு உதவாது, உருகும். முதுகில் மாட்டும் 16 லிட்டர் பம்பு புல் தீக்கு அருமையான கருவி. ஆனால் களைக்கொல்லி அடித்த பம்பைத் தயவுசெய்து எடுக்காதீர்கள், மருந்து கலந்த நீராவியை மூச்சில் இழுப்பீர்கள். தண்ணீருக்கென்றே ஒன்று வாங்கி, மேலே சிவப்புச் சாயத்தில் அடையாளம் போடுங்கள். லயத்துக்கு ஒன்று இருந்தாலே போதும், பத்து வீடு சேர்ந்தால் பெரிய செலவில்லை.

படி 7: தீயைக் கண்டால்

முதலில் 999 அவசர எண். அணைக்க முயற்சி செய்துவிட்டுக் கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். தோட்டத்தில் தெருப்பெயரும் வீட்டு நம்பரும் வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இப்போதே ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்: தோட்டத்தின் பெயர், டிவிஷன், மெயின் ரோட்டில் எந்த அடையாளத்தில் திரும்ப வேண்டும், எந்தக் கேட்டில் சங்கிலி போட்டிருக்கும், சாவி யாரிடம், எந்த மரப்பாலம் லாரியைத் தாங்காது. கூப்பிட்டதும் மோட்டார் உள்ள பையன் ஒருவனை மெயின் ரோட்டுக்கு அனுப்பி வழிகாட்டச் சொல்லுங்கள்.

பிள்ளைகள், வயதானவர்கள், ஆடு மாடு எல்லாம் காற்று வரும் பக்கமாக, அதாவது தீக்கு முதுகுப்பக்கமாகப் போகட்டும். மேட்டுப்பக்கம் ஓடக்கூடாது. மண் ரோடு, பள்ளி மைதானம், ஏற்கெனவே எரிந்து கறுத்த இடம், இவை பத்திரம்.

நாமே அணைக்கக்கூடிய தீ எது? முழங்காலுக்குக் கீழே எரிவது, கூட இரண்டு மூன்று பேர் இருப்பது, பின்னால் தப்ப வழி இருப்பது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் விலகிவிடுங்கள். தீக்குத் தலை, விலா, வால் உண்டு. காற்று தள்ளும் பக்கம் தலை. தலைக்கு முன்னால் ஒருநாளும் நிற்காதீர்கள். வாலிலிருந்து தொடங்கி, எரிந்து முடிந்த கறுப்புத் தரையில் நின்றபடி, இரண்டு விலாவையும் அடித்துக்கொண்டே முன்னேறுங்கள். நனைத்த சாக்கை ஓங்கி அடித்தால் பொறி பறந்து புதுத் தீ உண்டாகும். மேலே போட்டு அழுத்தி, இழுத்துத் தேய்க்க வேண்டும். பம்பு வைத்திருப்பவர் சுடர்மேல் அடிக்காமல் அதன் அடியில், எரியும் புல்லின்மேல் அடிக்கட்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை, நீளக் கால்சட்டை, பூட்ஸ். காற்று திசை மாறியதும் யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் சத்தம் போட வேண்டும், எல்லோரும் உடனே கறுப்புப் பக்கம் வரவேண்டும்.

எதிர்த்தீ வைப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. நாம் செய்ய வேண்டாம்.

படி 8: அணைந்த பிறகு

இதைத்தான் எல்லோரும் அவசரமாக முடிக்கிறார்கள். பொம்பா போனதும் வீட்டுக்குப் போய் குளித்துவிடுகிறோம். வேர்நோய் வந்து செத்த பால்மரக் கட்டை ஒன்று அந்த இடத்தில் இருந்தால், தீ அதன் வேருக்குள் இறங்கி நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். எரிந்த ஓரம் முழுக்க மெதுவாக நடந்து, புறங்கையைத் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் மண்வெட்டியால் கொத்தி, தண்ணீர் விட்டு, கிளறி, மறுபடியும் விடுங்கள். மண்ணை மேலே போட்டு மூடிவிட்டுப் போவது மட்டும் வேண்டாம், உள்ளே உயிரோடு இருக்கும்.

மறுநாள் காலையில் பார்த்தால் பனியில் எல்லாம் அடங்கின மாதிரித்தான் இருக்கும். மறுநாள் பகல் ஒரு மணிக்குப் போய்ப் பாருங்கள். மூன்று நாள் அப்படிப் பார்க்க வேண்டும். சிலாங்கூர் கோலா லங்காட் பக்கம் கரிமண் (மக்கிய செடிகொடி சேர்ந்த, எரியக்கூடிய மண்) நிலத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதாது. அங்கே தீ மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் நகரும். புகை வந்தாலே பொம்பாவைக் கூப்பிடுங்கள்.

படி 9: உடம்பு

ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் விடியலில் காலுறை, கம்பளி. குளிருக்கென்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடித் தூங்கவே கூடாது. மணமில்லாத நச்சுவாயு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். பால் வெட்டப் போகிறவர்கள் பனியில் மோட்டாரை மெதுவாக ஓட்டுங்கள், பின்விளக்கைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் உலர்ந்த காற்று உடம்பிலிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்கும். உதடு வெடிப்பது, சிலருக்கு மூக்கில் ரத்தம் வருவது எல்லாம் அதனால்தான். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் காலையிலேயே குடியுங்கள். வெயிலில் ஒருவர் பேச்சுத் தடுமாறி, உடம்பு கொதித்தால், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999-ஐக் கூப்பிடுங்கள்.

புகைமூட்ட நாளில் காற்று மாசுக் குறியீட்டைப் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் ஆஸ்துமாக்காரர்கள் வெளியே வேலை செய்ய வேண்டாம். 200-ஐத் தாண்டினால் யாருமே வேண்டாம்.

தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். கடிகாரம் பார்த்து இருபது. ஐஸ் வேண்டாம். பற்பசை, கிச்சாப் (சோயா சாஸ்), மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். மருத்துவமனையில் அதையெல்லாம் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை படும் வலியை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடியும் பூச மாட்டார்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி அழைத்துப் போங்கள்.

முதல் மழை வந்ததும்

மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரலில் ஒரு மாலை, ஜெராய்க்குப் பின்னால் கறுத்து, இடியோடு மழை கொட்டும். மண்வாசம் வரும், எல்லோரும் வாசலில் நின்று பார்ப்போம். அன்றைக்கே வேலையை விட்டுவிடாதீர்கள். பத்து நிமிட மழை மேல் இலையைத்தான் நனைக்கும், நம் காலைப் பனியைப்போல. மறுநாள் பத்து மணிக்கு இரண்டு விரல் ஆழத்து இலையை எடுத்து ஒடித்துப் பாருங்கள். அது வளைய ஆரம்பித்த பிறகு, தொடர்ந்து ஒரு வாரம் மழை பார்த்த பிறகு, ட்ரம்மைக் காலி செய்து, அடியைத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வையுங்கள். சாக்குகளை வெயிலில் காயவைத்து மடித்து மேலே எடுத்து வையுங்கள்.